அடுப்புக் கல்லுக்குச் சந்தனம்

எங்கள் ஜனங்களுக்குப் புதிதாக ஒரு சாமான் வாங்கிவிட்டால் கை சும்மா இருக்காது. பொட்டு வைத்தாகவேண்டும். பிரிட்ஜ் வந்தால் அதன் கதவில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். மோட்டார் சைக்கிள் வாங்கினால் ஹெட்லைட்டில் அப்பிய சந்தனத்தில் அன்று ராத்திரி பாதி ரோடுதான் தெரியும். எங்கள் சந்தில் ஒருவர் பல் செட் கட்டிக்கொண்டு வந்தபோது அதைத் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கண்ணால் பார்த்தேன். பல்லுக்குப் பொட்டு வைக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

சாமியோடு எனக்குச் சண்டை கிடையாது. எந்தச் சாமியும் வந்து, இருக்கிற ஓட்டையையெல்லாம் அடைத்துவிட்டு என்னைக் கும்பிடு என்று கேட்டதில்லை. இதெல்லாம் நாமாகச் செய்கிற வேலை.

நான் சொல்ல வந்தது என் மகளின் ஷவர்மா அடுப்பைப் பற்றி. ஷவர்மா அடுப்பு நின்றவாக்கில் இருக்கும். முன்னால் ஒரு கம்பி. அதில் கோழிக்கறியைக் கோபுரம் மாதிரி குத்தி அடுக்கிச் சுற்றவிடுவார்கள். கம்பிக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக நாலு கல், கல்லுக்கு ஒரு குமிழ். விற்றவன் அதைச் செராமிக் பிளேட் என்றான். எனக்குக் கல்தான். பிஸ்கட் கனம்தான் இருக்கும். முகமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் பொடி ஓட்டை. சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ் காற்றோடு கலந்து பின்பக்கமாக வந்து, அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் கசிந்து, கல்லின் முகத்திலேயே எரியும். தனியாக நெருப்பு எழும்பாது. கல்தான் பழுத்துச் சிவந்து நிற்கும். அந்தச் சூட்டில் கறி வெந்துகொண்டே சுற்றும்.

ஓட்டைக் கல்லோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சூளையில் வெகுகாலம் இருந்தேன். இப்போது அந்த இடத்தில் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். அங்கே களிமண்ணில் மரத்தூளைக் கலந்து கல் போடுவோம். சூளையில் வேகும்போது மரத்தூள் எரிந்து போய்விடும். அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். தூள் அதிகமானால் காற்று தாராளமாகப் போகும், ஆனால் கல் பொரி மாதிரி நொறுங்கும். தூள் குறைந்தால் கல் கெட்டியாக இருக்கும், காற்று போகாது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சூளைக்கு டீ கொண்டுவந்தவனுக்குக்கூடத் தெரியும். நான் மரத்தூள் சலித்தவன். எனக்கு அதில் ஞானம் எதுவும் வரவில்லை, தும்மல்தான் வந்தது. இன்றைக்கும் தச்சுப் பட்டறையைத் தாண்டினால் தும்முவேன்.

அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். வெந்த கல்லை அவர் சோதிக்கிற விதமே தனி. பீடியை இழுத்து, கல்லில் வாயை வைத்து, புகையை ஊதுவார். மறுபக்கம் புகை ஒரே சீராகப் பூத்து வந்தால் கல் பாஸ். ஒரு ஓரமாக மட்டும் குபுக்கென்று வந்தால் உள்ளே விரிசல் என்று தூக்கிப் போட்டுவிடுவார். பீடி கம்பெனிச் செலவு. அதனால் தேவைக்கு மேலேயே சோதனை நடக்கும். புகையில் பாஸான கல்லைத் தரையில் இரண்டு செங்கல்மேல் பாலம் மாதிரி வைத்து ஏறி நிற்பார். அவர் ஒல்லி. அவரைத் தாங்கிய கல் வாங்குகிறவனைத் தாங்குமா என்பது வேறு பேச்சு.

வாங்க வருகிறவர்கள் கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். காற்று நன்றாகப் புகுந்து வரவேண்டும், அதே கல் லாரி ஏறினாலும் உடையக்கூடாது. இரண்டும் வேண்டும், ஒரே கல்லில் வேண்டும்.

"லாரி ஏறணும்னா ரோட்ட வாங்கினு போ சார், கல்லு இன்னாத்துக்கு?" என்பார் மேஸ்திரி. அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் இறால் கம்பெனியில் இருந்தாள். காலையிலிருந்து ஐஸுக்குள் கை. வீட்டுக்கு வந்தால் தட்டில் இருக்கிற சோற்றை விரலால் பிசைய வராது, அவ்வளவு மரத்துப்போயிருக்கும். அதை விட்டு வியாசர்பாடியில் ஒரு ஷவர்மா கடையில் கோஸ் நறுக்கப் போனாள். அந்த முதலாளி கறி அடுக்குகிற வேலையைக் கிட்டே வந்து பார்க்க விடமாட்டான், என்னவோ ராக்கெட் செய்கிற மாதிரி. இவள் கோஸ் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பிறகு, சொந்தமாகக் கடை போடப்போகிறேன், திரும்ப ஐஸில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ராயபுரத்தில் இடம் கிடைப்பது லேசில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் ஒரு அண்ணாச்சியின் மளிகைக்கடை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடை முகப்பில் ஒரு பக்கமாக ஒரு அடுப்பும் ஒரு ஆளும் நிற்கிற இடம் சும்மா கிடந்தது. அதற்கு ஒரு ஜூஸ் கடைக்காரனும் அலைந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி என் மகளுக்குத்தான் விட்டார். ஆனால் சொல்லிவிட்டார்.

"ஏ தாயி, வெள்ளிக்கிழம நல்ல நாளு. அன்னைக்கே ஏவாரம் ஆரம்பிச்சிரணும். அடுப்ப நிப்பாட்டி வச்சிக்கிட்டு, எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கப்படாது. அன்னைக்கு ஓடலன்னா சனிக்கிழம அந்த ஜூஸ்காரப் பயலுக்கு விட்டுருவேன். பொறவு அழுது பிரயோசனம் இல்ல, பாத்துக்க."

"ஓடும் அண்ணாச்சி," என்றாள் இவள். அவ்வளவுதான் பேச்சு. அண்ணாச்சி சொன்னதைச் செய்கிற மனுஷர் என்று தெருவுக்கே தெரியும்.

என் மருமகன் டிரெய்லர் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பது பேச்சுக்கு. எண்ணூர் ரோட்டில் வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு, துறைமுகத்துக்குள் எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை. அப்படி உட்கார்ந்திருக்கும்போது யோசிப்பார். அவர் யோசித்தால் எங்களுக்கு ஆகாது. ஒரு நாள் யோசித்து ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். ஆள் உயரம். அதில் அவர் கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கீழ் மூலையில் ஒரு கோழி. என் மகள் எங்கேயும் இல்லை.

"மாப்ள, இதுல யாரத் துண்றது?" என்று கேட்டேன்.

"மாமு, இது பிராண்டு மாமு. உனுக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. கோழிக்கும் புரிந்திருக்கும், அதன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் நல்ல நேரத்துக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். மகள் அண்ணாச்சி கடைக்குப் பின்பக்கம் குழாயடியில் கோஸும் வெள்ளரிக்காயும் கழுவிக்கொண்டிருந்தாள். கறியை அவள் முந்தியே கம்பியில் அடுக்கித் துணி போட்டு மூடியிருந்தாள். நல்ல உயரம். நான் டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் ஒரு பழைய சூளைக்காரனைப் பார்த்தேன். அவனுக்குக் காது போய்விட்டது, எனக்குப் பேச்சு நிற்காது. நேரமாகிவிட்டது. நான் திரும்பி வந்தபோது அடுப்பைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை.

மேலே மூன்று கல்லிலும் சந்தனம். பொட்டு என்றால் பரவாயில்லை. கேக்குக்குக் கிரீம் தடவினதுபோல் ஒரு விரல் கனத்துக்கு மெழுகி, அதன்மேல் குங்குமம். அடியில் இருந்த நாலாவது கல்லில் மட்டும் ஓரமாக ஒரே ஒரு சின்னப் பொட்டு. ஏனென்றால் என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி, மூன்றாவது கல்லுக்குக் குனிந்ததே நல்ல நாள் பலம், அதற்குக் கீழே முடியாது. கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாமே பண்ணி வெச்சிக்கிற?"

"இன்னா பண்ணிட்டாங்க இப்போ? லட்சுமி வர்ற எடம், மொட்டையாவா வுடறது?"

"கேஸ் வர்ற எடம்மே அது!"

"மூஞ்சி பூரா ஓட்ட ஓட்டையா கீது, அம்மை போட்ட மாரி. பாக்கவே ஒரு மாரியா இருந்திச்சி. அதான் கெட்டியா பூசிவுட்டேன்."

"அந்த ஓட்டைக்குத்தாம்மே துட்டு குடுத்தது!"

மருமகன் ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "மாமு, வுடு மாமு. சந்தனம் குளுமை. கல்லு சூடாவாம நல்லதாத்தான் இருக்கும்."

"மாப்ள, அது அடுப்பு. ஐஸ் பொட்டி இல்ல."

அத்தைக்குச் சமமாகத் தானும் ஏதாவது செய்யவேண்டாமா? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து வேப்பிலையால் தெளித்தார். வேப்பிலை போதவில்லை என்று கடைசியில் சொம்பையே கவிழ்த்தார். ஓட்டைக் கல் தண்ணீரைக் குடிக்கும். கண் எதிரே குடித்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. முகம் மட்டும் சின்னதாகப் போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் மருமகனுக்கு லேசாக விஷயம் உறைத்தது. உடனே ஒரு ஈரத்துணியை எடுத்துக் கல்லைப் பரபரவென்று துடைத்தார். மேலே இருந்த சந்தனமெல்லாம் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துடைத்துவிட்டு, "பளிச்சுனு ஆயிடிச்சி பாரு," என்றார். ஆமாம், பளிச்சென்று இருந்தது. ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை.

"காயட்டும், அப்பால பத்த வெக்கலாம்," என்றாள் மகள்.

"நல்ல நேரம் பூடும்டி!" என்றாள் என் வீட்டுக்காரி. மருமகன் அதற்குள் கற்பூரத்தைக் கொளுத்திப் பூசணிக்காயை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அதில் சறுக்கி ஒரு கெட்ட வார்த்தையோடு கடையைத் துவக்கிவைத்தான். அந்தச் சந்தடியில் மருமகனே கறியை மூடிய துணியை எடுத்துவிட்டு, முதல் குமிழைத் திருகி, மேல் கல்லைப் பற்றவைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒரு ஓரம் மட்டும் சிவந்தது. அப்புறம் கல் உள்ளுக்குள் சீறியது, குடித்த தண்ணீர் கொதிக்கிற சத்தம். பிறகு 'டொப்'. கல்லின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. முன்னால் எரிந்த நெருப்பு அந்தக் கோட்டின் வழியாகப் பின்பக்கம் போய் உள்ளே புஸ்ஸென்று ஊதத் தொடங்கியது. மகள் பாய்ந்து குமிழை மூடினாள். மருமகன் அதற்குள் ஃபிளெக்ஸுக்குப் பின்னால் போய்விட்டார்.

"அத்தோட வுட்டா சரி," என்றேன். விடவில்லை. முதல் கல்லுக்குத் திருஷ்டி, அது போய்விட்டது, இனி நல்லபடியாக எரியும் என்று என் வீட்டுக்காரி சொல்ல, இரண்டாவதையும் திருகினார்கள். அது சிவக்கவே இல்லை. அடைபடாத நாலைந்து ஓட்டை வழியாக மஞ்சள் மஞ்சளாக நாக்கை நீட்டியது. புகை எழும்பி, கம்பியில் இருந்த கறியின் மேல்பாதி முழுக்கக் கரி படிந்தது. மகள் அந்தக் குமிழையும் மூடினாள்.

போகிறவன் ஒருத்தன் நின்று பார்த்தான். "இன்னா நைனா, காக்கா ஷவர்மாவா?"

"பிராண்டு," என்றேன். வேறு என்ன சொல்வது?

மருமகன் அடுப்பு விற்றவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கல்லு மேல தண்ணி பட்டுதா சார்?" என்றான் அவன்.

"சேச்சே, தண்ணியெல்லாம் இல்ல. மஞ்சத் தண்ணிதான்."

"அதுவும் தண்ணிதான் சார்," என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அதற்குமேல் பேசாததே மரியாதை.

இதற்குள் அறிவு சொல்ல ஆள் கூடிவிட்டது. அடுப்பையே பார்த்திராதவனெல்லாம் ஒரு யோசனை வைத்திருந்தான். ஒருத்தன் டீசல் ஊற்றிக் கழுவச் சொன்னான். கேஸ் அடுப்பில் டீசல்! நானும் சும்மா இருந்திருக்கலாம். சூளையில் இருந்தவன் என்ற நினைப்பு. வீட்டுக்காரியின் வளையலிலிருந்து ஒரு ஊக்கை வாங்கி, இரண்டாவது கல்லில் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்த ஆரம்பித்தேன். என் விரல் மரத்தூள் சாக்கு தூக்கின விரல். நாலு குத்துக்குள் கல்லின் ஒரு மூலை உதிர்ந்து என் செருப்பின்மேல் விழுந்தது.

"நைனா," என்றாள் மகள். "நீயுமா? போய் அங்க குந்து."

போய் அரிசி மூட்டையின்மேல் குந்தினேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் ஜூஸ் கடைக்காரன் நிற்பது தெரிந்தது. கையில் அளவெடுக்கிற டேப். ஆள் எவ்வளவு அவசரக்காரன் பாருங்கள்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். புகையைக் கையால் விசிறிக்கொண்டே அடுப்பைப் பார்த்தார், ஃபிளெக்ஸைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார்.

"என்ன தாயி, ஓடுமா ஓடாதா? ஒரு சொல்லு சொல்லிரு."

"கட சாத்தற வரைக்கும் டைம் கீதுல்ல அண்ணாச்சி?"

"இருக்கு."

"அப்ப ஓடும். நீங்க உள்ள போங்க."

அவர் போய்விட்டார். அதற்கப்புறம் என் மகள் ஒருத்தரையும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "இத்த புடி. யார் கேட்டாலும் குடுக்காத." புருஷனைப் பார்த்து, "யோவ், அந்த ஏணிய எட்துகினு அந்தாண்ட போ," என்றாள். அவர் போனார். டிரெய்லர் ஓட்டுகிறவர்.

கீழ்க் கல்லில் ஒரே பொட்டுதான். அதை விரல் நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் தண்ணீரும் மேலேயே செலவாகிப் போயிருந்தது, கீழே வரைக்கும் ஒழுகவில்லை. மூன்றாவது கல்தான் சிக்கல். எதிரே பஞ்சர் கடை. அங்கே போய், காற்றடிக்கிற ஆளை ஹோஸோடு கூப்பிட்டு வந்தாள். அவர் மூக்கும் முழியும் கிரீஸாக வந்து நின்றார். மூன்றாவது கல்லை அவள் சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றி, பக்கத்தில் மூடிக்கிடந்த கடையின் வெயில் சூடு இன்னும் போகாத ஷட்டர் தகரத்தில் சாய்த்துக் காயவிட்டு, காய்ந்த பிரஷால் மேலே தேய்த்திருந்தாள். இப்போது அதைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"ஃபுல்லா அடிக்கட்டா?" என்றார் அவர்.

"அண்ணா, இது லாரி டயரு இல்ல. ஃபுல்லா அடிச்சா என் கையிலயே தூளாப் பூடும். கொயந்த சைக்கிளுக்கு அடிப்பியே, அத்தவிட கம்மியா அடி."

அவர் ஹோஸைத் தள்ளிப் பிடித்து லேசாக விட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டார். கல்லின் முகத்திலிருந்து மஞ்சளாக ஒரு தூசி கிளம்பியது. அப்புறம் பொலபொலவென்று சந்தனம் உதிர்ந்து, முன்பக்கம் எட்டிப் பார்த்த அவர் முகத்தில் அடித்தது. கிரீஸுக்குமேல் சந்தனம். என் வீட்டுக்காரி அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது. எல்லா ஓட்டையும் திறந்ததா என்று எப்படித் தெரிவது? புகை விட்டால் தெரியும். எழுந்துபோய் ஒரு பீடியைப் பற்றவைத்தேன். கல்லில் வாய் வைக்க வந்தேன்.

"நைனா! சிலிண்டர் பக்கத்துல பீடியா? கொளுத்திட்டுப் போவப் போறியா மொத்த தெருவையும்?"

அரிசி மூட்டைக்கே திரும்பினேன். அவள் கல்லின் பின்பக்கம் வாயை வைத்து வெறும் காற்றை ஊதினாள். முன்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள். பிறகு சட்டத்தில் மாட்டினாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. மேஸ்திரி செலவழித்த பீடியெல்லாம் வீண்தான் போலிருக்கிறது.

பிறகு கறி. கம்பியிலிருந்து மொத்தத்தையும் இறக்கினாள். கரி படிந்த மேல்பாதியைத் தயங்காமல் குப்பைக் கூடையில் தள்ளினாள். மருமகன், "அத்த கழுவுனா..." என்று ஏணிக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் முடிக்கவில்லை. மிச்சத்தைத் தாழ்வாக, குண்டாக, அடியோடு சேர்த்து அடுக்கினாள். கோபுரமாக இருந்தது குதிர் மாதிரி ஆனது. மேல் குமிழ் இரண்டையும் மூடி, யாரும் திருகாதபடி கம்பி சுற்றிக் கட்டினாள். அடிக் கல்லைப் பற்றவைத்தாள். நீலமாக ஓடிப் பரவி, மெல்லச் சிவந்தது. அதற்கு மேலே இருந்ததையும் பற்றவைத்தாள். அதுவும் சிவந்தது. ஒரு மூலை மட்டும் கறுப்பாகவே நின்றது, சந்தனம் இன்னும் விடவில்லை. மற்ற இடமெல்லாம் பழுத்துவிட்டது.

அண்ணாச்சி கடையைச் சாத்த ஆரம்பித்தபோது கறி வெந்து கொழுப்புச் சொட்டியது. முதலில் வாங்கியவர் அந்த பஞ்சர் கடைக்காரர்தான். முகத்தைக்கூடக் கழுவவில்லை. அண்ணாச்சி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கடித்து மெல்லுகிறவரைக்கும் நின்று பார்த்தார். அண்ணாச்சி சைவம். கறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, வியாபாரம் ஆனதா என்பது தெரியும்.

"பாதி அடுப்புதான எரியுது தாயி?"

"பாதி போதும் அண்ணாச்சி."

"சரி, ஓடுது," என்று பூட்டைப் போட்டார். எதிரே டேப் வைத்திருந்தவன் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

இப்போதும் அந்தக் கடை பாதி அடுப்பில்தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. மேலே விரிசல் விட்ட கல்லும் மூலை உடைந்த கல்லும் அப்படியே இருக்கின்றன. அவை எரிவதில்லை என்பதால் என் வீட்டுக்காரி தினமும் வந்து அவற்றுக்குப் பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பமும் சார்த்துகிறாள். இரண்டு கல்லும் இப்போது அம்மன் முகம் மாதிரி இருக்கின்றன. ஷவர்மா வாங்க வருகிற சில பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கேட்பவர்களிடம் மருமகன், இது எங்கள் கடையின் டிசைன் என்கிறார். ஃபிளெக்ஸ் காற்றில் கிழிந்துவிட்டது. கோழி மட்டும் தொங்குகிறது.

மகள் புதிதாக இரண்டு கல் வாங்கிவிட்டாள். மாட்டவில்லை. அண்ணாச்சி கடைக்குள், மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். மாட்டினால் அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் என்பதுதான் அவள் கவலை. எரிகிற இரண்டும் பிழைத்திருப்பது அவை கீழே இருப்பதால்தான்.

என் வீட்டுக்காரி ராத்திரி ஆனால் என்னிடம் தைலத்தை நீட்டுகிறாள். "முட்டி வலி உயிர் போவுது, கொஞ்சம் தேய்ச்சிவுடுய்யா. சரியா பூட்சின்னா குனிஞ்சி நிமிர்ந்து நாலு வேல செய்வேன்ல."

தேய்த்துவிடுகிறேன். ஆனால் ரொம்ப அழுத்தித் தேய்ப்பதில்லை.